ரெண்டு கையெழுத்து, ஒரு மருந்து

மார்ச் 2

பேராசிரியர் அவர்களுக்கு,

பதினோரு வருஷத்துக்குப் பிறகு உங்களுக்குக் கடிதம் எழுதுகிறேன். ஆசைப்பட்டு எழுதவில்லை. நம் பெண் உத்தரவு போட்டிருக்கிறாள், எழுதுகிறேன்.

பொடிசுக்கு இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி ஆபரேஷன் செய்து குழந்தையை எடுக்கிறார்கள். அது உங்களுக்கும் தெரியும். சின்ன வயதுக் காய்ச்சலில் சுருங்கிப்போன இதய வால்வோடு அவள் இவ்வளவு தூரம் சுமந்து வந்ததே பெரிய விஷயம். முதுகில் ஒரே ஊசியாகப் போட்டால் ரத்த அழுத்தம் மடமடவென்று இறங்கும், இந்த இதயம் அதைத் தாங்காது என்று இதய டாக்டர் சொல்லிவிட்டார். முதுகுத்தண்டை ஒட்டி மெல்லிய குழாயை வைத்து, எபிடியூரலாக, மரத்துப்போக வைக்கும் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். நாடி வேகம் எடுக்கக் கூடாது. இதுவரை நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. நமக்கு இது புதிது.

குழாயில் எந்த மருந்தை விடுவது என்பதில்தான் நீங்கள் மூக்கை நுழைத்தீர்கள். நான் சனிக்கிழமை அவளிடம் பியூபிவகெயின் என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே நீங்கள் போன் செய்து, "அதெல்லாம் பழைய கதை, அட்ரினலின் கலந்த லிக்னோகெயின்தான் கேக்கணும்" என்று சொல்லியிருக்கிறீர்கள். திங்கட்கிழமை அவள் என்னைக் கூப்பிட்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எனக்குத் தலை சுத்துதும்மா. ரெண்டு பேரும் பேசி ஒரே மருந்தைச் சொல்லுங்க. போன்ல பேசினா கத்துவீங்க. வாட்ஸ்அப்ல பேசினா ஒவ்வொண்ணையும் எனக்கு அனுப்பி, பாரு உங்கப்பாவை, பாரு உங்கம்மாவைன்னு ஆரம்பிச்சிடுவீங்க. பேப்பர்ல எழுதி, கவர்ல போட்டு, தபால்ல அனுப்பிக்கோங்க. ரெண்டு கையெழுத்தோட ஒரே தாள் இருபத்தஞ்சாம் தேதிக்குள்ள எனக்கு வரணும். வரலைன்னா ரெண்டு பேருமே ஆஸ்பத்திரிப் பக்கம் வராதீங்க."

நான் வருவேன். என் பெண் மேஜையில் படுத்திருக்கும்போது அவள் தலைமாட்டில் நான் இருப்பேன். ஆகவே பெரிய மனது பண்ணி, 'பியூபிவகெயின்' என்று எழுதி அடியில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். பத்து வயதிலிருந்து நீங்கள் அவளுக்குச் செய்யாமல் விட்டதை எல்லாம் இந்த ஒரு கையெழுத்தில் சரிக்கட்டிவிடலாம். மலிவான பேரம்.

பொடிசின் அம்மா


மார்ச் 6

டாக்டரம்மாவுக்கு,

உன் கையெழுத்து இன்னும் மருந்துக்கடைக்காரனைத் திணறடிக்கிற மாதிரிதான் இருக்கிறது. பக்கத்து அறை இளைய டாக்டரைக் கூப்பிட்டு, "இதப் படிச்சுக் காட்டுப்பா" என்றேன். 'மலிவான பேரம்' வரைக்கும் வந்தவன் இருமிக்கொண்டே வெளியே போய்விட்டான்.

நீ இன்னும் பியூபிவகெயினில்தான் நிற்கிறாய் என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. முப்பது படுக்கைப் பிரசவ ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து, புதிதாக ஒரு வரி படிக்காமல், காலையில் மூன்று சாயங்காலம் இரண்டு என்று குழாய் செருகிக்கொண்டிருந்தால் உலகம் அந்தப் பாட்டிலோடு முடிந்துபோன மாதிரிதான் இருக்கும். உனக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பியூபிவகெயின் மரத்துப்போக வைக்க இருபது நிமிஷத்துக்கு மேல் எடுக்கும். லிக்னோகெயின் பத்தே நிமிஷம். குழாய் நுனி ஒரு ரத்தக்குழாய்க்குள் நழுவிவிட்டால் பியூபிவகெயின் இதயத்தைப் பிடித்து நிறுத்தும். நின்ற இதயம் லேசில் திரும்பாது. வால்வு சரியில்லாத பெண்ணுக்கு, அதுவும் என் பெண்ணுக்கு, அந்த மருந்தை நீ சிபாரிசு செய்கிறாய். உனக்குப் பட்டம் கொடுத்தவர்களைத் தேடிப்போய்க் கேட்க வேண்டும்.

நான் சும்மா சொல்லவில்லை. திட்டமிட்ட சிசேரியன்களில் இந்த இரண்டு மருந்தையும் வைத்து ஒப்பிட்டு ஆராய்ச்சி செய்தவன் நான். இன்றைக்கும் மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். லிக்னோகெயின் குழுவில் ஒரு பெண்கூட வலி என்று சொல்லவில்லை. ஒருத்திகூட. நீ இத்தனை வருஷத்தில் எதை எதோடு ஒப்பிட்டாய்? கேன்டீன் காபியை வீட்டுக் காபியோடு ஒப்பிட்டிருப்பாய்.

இன்னொன்று கேள்விப்பட்டேன். வயிறு மரத்துவிட்டதா என்று பார்க்க நீ கிள்ளுகிறாயாம். நாங்கள் ஐஸ்கட்டி வைத்துப் பார்க்கிறோம். நாகரிகம் என்று ஒன்று உண்டு.

தாளை நீயே எழுதி அனுப்பு. மருந்தின் பெயர் என்னுடையதாக இருக்கட்டும். தலைமாட்டில் நிற்பது யார் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஆனால் துறைத் தலைவர் ஒருவர் இருக்கும்போது இன்னொருவருக்கு அங்கே என்ன வேலை என்று எனக்குத் தெரியவில்லை.

பொடிசின் அப்பா
(பேராசிரியர், மயக்கவியல் துறைத் தலைவர்)


மார்ச் 10

துறைத் தலைவருக்கு,

அடைப்புக்குறிக்குள் போட்டுக்கொண்ட பதவி நன்றாக இருந்தது. பெண்ணுக்கு எழுதும்போதும் இப்படித்தான் போடுவீர்களா?

உங்கள் ஆராய்ச்சியை என்னிடமே விற்கிறீர்களே, அதற்கு ஒரு தைரியம் வேண்டும். அந்த வருஷம் நான் உங்கள் மனைவியாக இருந்தேன், அதே தியேட்டரில் உங்கள் உதவி டாக்டராகவும் இருந்தேன். லிக்னோகெயின் குழுவில் நாலு பெண்கள் நடுவில் கத்தினார்கள். மருந்தின் வேகம் தணிந்துவிட்டது, வயிறு திறந்து கிடந்தது. ஒருத்தி என் கையைப் பிடித்து நகத்தால் கீறினாள். நாலு பேரையும் முழு மயக்கத்துக்குக் கொண்டுபோனது நான். கட்டுரையில் தேடினால் அந்த நாலு பேரையும் காணோம். 'ஆய்விலிருந்து விலகியவர்கள்' என்று கழித்துவிட்டீர்கள். வலி என்று சொன்னவர்களை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, ஒருத்திகூட வலி என்று சொல்லவில்லை என்று எழுதுவதற்கு இரண்டு மருந்து எதற்கு? வெறும் தண்ணீரை விட்டிருந்தாலும் அந்த முடிவு வந்திருக்கும்.

ஐஸ்கட்டிக்கு வருகிறேன். குளிர் தெரியாத இடத்தில் தொடுவது தெரியும். பல பேருக்கு நாலைந்து விரல் அகலத்துக்கு அந்த வித்தியாசம் இருக்கும். சர்ஜன் ஐஸ்கட்டியாலா வயிற்றைத் திறக்கிறார்? அவர் இடுக்கியால் பிடிக்கிறார். அதனால் நான் கிள்ளுகிறேன். கிள்ளுவதற்கு முன்னால் "இப்போ கிள்ளப் போறேன்மா, தெரிஞ்சா வெக்கப்படாம சொல்லு" என்று சொல்லிவிட்டுத்தான் கிள்ளுகிறேன். நாகரிகம் என்று எங்கள் முப்பது படுக்கையில் அதைத்தான் சொல்கிறோம்.

கடைசியாக அட்ரினலின். வால்வு சுருங்கிய இதயத்துக்கு மெதுவான நாடி வேண்டும். அறைகள் நிரம்ப நேரம் வேண்டும். நாடி ஓட ஆரம்பித்தால் ரத்தம் பின்னால் தேங்கி நுரையீரல் நிறையும், பிள்ளை வெளியே வருவதற்குள் தாய் மூச்சுக்குத் தவிப்பாள். அட்ரினலின் நாடியை என்ன செய்யும் என்பதை முதல் வருஷ மாணவனைக் கூப்பிட்டுக் கேளுங்கள். இருமிக்கொண்டு வெளியே போனவனையே கேளுங்கள். அவனுக்குத் தெரியும்.

இதை நீங்கள் மறந்துபோனது எனக்குச் சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும். இல்லை. பயமாக இருக்கிறது. அவள் உங்கள் பேச்சைக் கேட்டுவிடுவாள். எப்போதும் உங்கள் பேச்சைத்தான் கேட்பாள்.

பொடிசின் அம்மா
(வேறொன்றும் இல்லை)


மார்ச் 14

டாக்டரம்மாவுக்கு,

அட்ரினலின் 'இல்லாத' லிக்னோகெயின் என்றுதான் நான் அவளிடம் சொன்னதாக நினைவு. போனில் சரியாகக் கேட்டிருக்காது. அந்த வீட்டில் மாப்பிள்ளை எந்நேரமும் எதையாவது துளை போட்டுக்கொண்டே இருக்கிறார். லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டால் சுவரெல்லாம் ஓட்டைதான் என்று அன்றைக்கே சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை.

சிரிக்காதே. நீ சிரிப்பாய் என்று தெரியும். பல்லைக் காட்டாமல் மூக்கால் சிரிப்பாயே, அந்தச் சிரிப்பு.

நாலு பேர் விஷயத்தில் நீ புள்ளியியல் தெரியாமல் பேசுகிறாய். விதிமுறைப்படி கழிக்க வேண்டியவர்களைக் கழித்தேன், அவ்வளவுதான். உன்னைக் கீறியது எனக்கு எப்படித் தெரியும்? நீ அன்றைக்குச் சொல்லவில்லை. பதினெட்டு வருஷம் கழித்து, என்னை அடிக்க ஒரு கம்பு வேண்டும் என்றதும் ஞாபகம் வருகிறது.

பொடிசின் ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுக்கப்போகிற பெண்ணோடு நேற்றுப் பேசினேன். தடிமனான கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்காருமே, அதுதான். என்னிடம் ஒரு தடவை ஃபெயில் ஆனது. கால் மணி நேரம் எல்லாவற்றையும் விளக்கினேன். நாலு தடவை "சரிங்க சார்" என்றது. முடிவில், "சார், நீங்களும் மேடமும் சேர்ந்து ஒரு தாள்ல எழுதிக் குடுத்துடுங்க சார், அப்புறம் நான் பாத்துக்கறேன்" என்றது. அதுவும் பொடிசின் பல்லவியையே பாடுகிறது! அந்தக் கத்துக்குட்டியின் கையிலா என் பெண்ணின் முதுகு? இந்த ஒரு விஷயத்தில் நீ என்னோடு ஒத்துப்போவாய் என்று நினைக்கிறேன்.

இருபத்தேழாம் தேதி ரயிலுக்குச் சீட்டுப் போட்டுவிட்டேன். தியேட்டர் உடையையும் எடுத்து வைத்துவிட்டேன். அவர்கள் தருகிற உடை எனக்கு வயிற்றில் சேராது. மருந்தை முடிவு செய். அட்ரினலின் வேண்டாம் என்று நானே பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தாயிற்று. இனி நீ இறங்கி வர வேண்டும்.

பொடிசின் அப்பா


மார்ச் 18

பேராசிரியர் அவர்களுக்கு,

பதவியை இந்தத் தடவை போடவில்லை. தேறி வருகிறீர்கள்.

அந்தக் கண்ணாடிக்காரி விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். என்னிடமும் அதே "சரிங்க மேடம்" தான். கேட்டதற்குப் பதில் இல்லை, எதிர்க்கேள்வியும் இல்லை. உங்களிடம் படித்தால் இப்படித்தான் ஆகும்.

இப்போது ஒரு நல்ல செய்தி. உங்கள் தியேட்டரில் ஆறு வருஷம் வேலை பார்த்த நர்ஸ் ஒருத்தி போன வாரம் எங்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். முதல் கேஸுக்கு நான் மருந்து கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட்டு, "பெரிய சாரும் இதேதான் மேடம் குடுப்பாரு. இதே அளவு. கால் கொஞ்சம் அசைஞ்சா பரவால்லம்பாரு, அதுவும் இதே மாதிரிதான்" என்றாள். நான் கேட்டது நம் சண்டையில் வந்த இரண்டும் இல்லை, ரோபிவகெயின்.

எத்தனை வருஷமாக என்று கேட்டேன். "நான் சேர்ந்ததுலேருந்தே மேடம். லிக்னோகெயினெல்லாம் தையல் போடுற ரூம்ல மட்டும்தான்" என்றாள்.

ஆக, உங்கள் தியேட்டரில் ஒருத்திக்கும் கொடுக்காத மருந்தைப் பெற்ற பெண்ணுக்குச் சிபாரிசு செய்திருக்கிறீர்கள். ஏன் என்று யோசித்தேன். நான் ஒரு நாள் முந்திக்கொண்டு பியூபிவகெயின் என்று சொல்லிவிட்டேன், உங்களுக்கு அதற்கு நேர் எதிரே ஒன்று வேண்டியிருந்தது. நாம் கடைசியாகச் சண்டை போட்டபோது அந்த இரண்டு பாட்டில்தான் அலமாரியில் இருந்தன. விட்ட இடத்திலிருந்தே ஆரம்பித்துவிட்டோம்.

'நீ ஏன் பியூபிவகெயின் சொன்னாய்' என்று நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அவள் சனிக்கிழமை கேட்டபோது, "அப்பா என்ன சொல்வாரோ" என்று ஒரு வார்த்தை சேர்த்தாள். அது போதுமாக இருந்தது எனக்கு. நான் கொடுப்பது ஒன்று, வாயில் வந்தது இன்னொன்று. கேவலமாகத்தான் இருக்கிறது. உங்கள் அளவுக்கு இல்லை, நான் அட்ரினலினை மறக்கவில்லை.

ரோபிவகெயின் இதயத்தின் மேல் பியூபிவகெயின் அளவுக்குப் பாயாது, லிக்னோகெயின் மாதிரி நடுவில் கைவிடாது. நாம் இருவரும் தினமும் அதைத்தான் கொடுக்கிறோம். இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். ஒரே வரி, ஒரே மருந்து, என் கையெழுத்து. உங்கள் கையெழுத்தைக் கீழே போட்டு நேராக அவளுக்கு அனுப்பிவிடுங்கள்.

பொடிசின் அம்மா


மார்ச் 22

டாக்டரம்மாவுக்கு,

அந்த நர்ஸ் ஒரு வாயாடி என்று எனக்கு முதலிலேயே தெரியும்.

ரோபிவகெயினை முதலில் ஆரம்பித்தது யார் என்று பார்த்தால் நானாகத்தான் இருக்கும். உன் ஊருக்கு எதுவும் இரண்டு வருஷம் தாமதமாகத்தான் வரும். எப்படியோ, சரியான மருந்து. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆட்சேபம் தாளில். உன் கையெழுத்தைப் பக்கத்தின் நடுவில் பெரிதாகப் போட்டுவிட்டு, எனக்கு அடியில் ஒரு விரல் இடம் விட்டிருக்கிறாய். என்னை உன் சாட்சியாக நினைத்தாயா? புதிய தாளில் நானே எழுதினேன். மருந்தின் பலம், முதல் அளவு, அடுத்தடுத்த அளவு, ஒவ்வொன்றுக்கும் நடுவே எத்தனை நிமிஷம் என்று எல்லாம் எழுதினேன், அந்தக் கண்ணாடிக்கு அப்போதுதான் புரியும். என் கையெழுத்து மேலே. உன் கையெழுத்துக்கு இடம் அதற்குப் பக்கத்தில், அதே உயரத்தில். பார், கீழே இல்லை. போட்டு உடனே கூரியரில் அனுப்பு, இருபத்தைந்துக்குள் போய்ச் சேர வேண்டும்.

தலைமாட்டு விஷயம். இருவரும் நிற்கலாம். மேஜைக்கு இரண்டு பக்கம் இருக்கிறது. நீ இடது பக்கம் நின்றுகொள். மானிட்டர் வலது பக்கம் இருக்கும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பொடிசு நாலு வயதில் ஊசிக்கு அழுதபோது நாம் இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டோம். அப்போது யார் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டதாக நினைவில்லை. இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை. கோடு போட்டு அடித்தால் அசிங்கமாக இருக்கும், விட்டுவிடுகிறேன்.

பொடிசின் அப்பா


மார்ச் 24

உங்களுக்கு,

உங்கள் பதில் இன்னும் எனக்கு வரவில்லை. வந்தாலும் அவசரம் இல்லை.

இன்று காலை ரவுண்ட்ஸ் முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பொடிசு போன் செய்தாள். குரல் தெளிவாக இருந்தது.

"அம்மா, பதட்டப்படாம கேளு. எனக்கு ஆபரேஷன் ஆகி எட்டு நாளாச்சு. நானும் நல்லா இருக்கேன், குழந்தையும் நல்லா இருக்கு. நேத்து வீட்டுக்கு வந்தாச்சு" என்றாள்.

எட்டு நாள். அதாவது நான் நர்ஸ் கதையை உங்களுக்கு எழுதி மகிழ்ந்தபோது அவளுக்குத் தையல் போட்டு இரண்டு நாள். நாள் முந்திவிட்டதா, ஏதாவது ஆபத்தா என்று கேட்டேன்.

"ஒண்ணும் முந்தலம்மா. பதினாறுதான் முதல்லேருந்தே தேதி. இருபத்தெட்டுன்னு உங்க ரெண்டு பேருக்கும்தான் சொன்னேன்."

எதற்காக என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். அவள் கோபப்படவில்லை. அப்படியே எழுதுகிறேன், உங்களுக்கும் பங்கு வேண்டும்.

"ஹார்ட் டாக்டர் கேட்டாரும்மா, படபடப்பு எப்பெப்ப வருதுன்னு. மாடி ஏறினா வருதுன்னேன். வேற எப்பன்னாரு. எங்கப்பாவும் அம்மாவும் ஒரே ரூம்ல இருந்தா வரும்னேன். ஜோக்குனு நெனச்சு சிரிப்பாருன்னு பாத்தேன். சிரிக்கல. எழுதிக்கிட்டாரு. எழுதிட்டு, அப்போ அன்னைக்கு அவங்க ரெண்டு பேரும் வேண்டாம், நாடி ஏறக்கூடாதுன்னாரு. வராதீங்கன்னா நீங்க கேக்க மாட்டீங்க. அதான் லெட்டர் எழுதச் சொன்னேன். நீங்க எழுதி முடிக்கறதுக்குள்ள முடிஞ்சிடும்னு தெரியும்."

அந்தக் கண்ணாடிக்காரிக்கும் இது தெரிந்திருக்கிறது. "சரிங்க சார், சரிங்க மேடம்" என்று நம் இரண்டு பேரையும் அழகாகக் கட்டி உட்காரவைத்துவிட்டாள். முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டு, பேச்சுக் கொடுத்தபடியே, துளித் துளியாக மருந்தை விட்டாளாம். மாப்பிள்ளைதான் தலைமாட்டில் இருந்தாராம். கடைசி வரைக்கும் நாடி எண்பதைத் தாண்டவில்லையாம். நாம் இருந்திருந்தால் தாண்டியிருக்கும். அதை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவையும் கேட்ட பிறகு நான் என்ன கேட்டேன் தெரியுமா? "என்ன மருந்து குடுத்தா?" என்று கேட்டேன்.

"தெரியலம்மா. நான் கேக்கவே இல்ல" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. காலையிலிருந்து ஒன்பது தடவை கூப்பிட்டேன்.

உங்களிடம் எப்படியும் பேசியிருப்பாள். எப்போதும் உங்களிடம் கொஞ்சம் கூடவே பேசுவாள். எனக்கு ஒரே ஒரு வரி எழுதுங்கள். பேரனா, பேத்தியா?

பொடிசின் அம்மா


மார்ச் 24

உனக்கு,

மாப்பிள்ளை இன்று மத்தியானம் போன் செய்தார். இதற்குள் உனக்கும் விஷயம் தெரிந்திருக்கும். குழந்தை பிறந்துவிட்டது. நம்மை ஏமாற்றிவிட்டார்கள். அதில் அவர்கள் பேரில் எனக்குக் கோபம் வர வேண்டும், வரவில்லை. ரயில் சீட்டை ரத்து செய்துவிட்டேன்.

அவர் சுற்றி வளைத்து எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, "அவகிட்ட குடுக்கறேன் மாமா, ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றார். அவள் "அப்பா" என்றாள். நான் "எந்த மருந்து, எத்தனை மில்லி?" என்றேன். வாயில் அதுதான் வந்தது. அவள் போனைத் திரும்ப அவரிடமே கொடுத்துவிட்டாள். "அப்புறம் பேசறேன் மாமா" என்று அவரும் வைத்துவிட்டார்.

நீ பெண்பிள்ளை, பெற்றவள். நீ முதலில் அதைத்தான் கேட்டிருப்பாய். ஆணா, பெண்ணா என்று எனக்கு எழுது.

பொடிசின் அப்பா